இரவு ஒன்பது மணிப் பசிக்குக் காலையிலேயே வழி செய்யுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வயது 47. உயரம் 156 சென்டிமீட்டர். ஐந்து ஆண்டுகளில் எடை 59 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீடு, நகரத்தில் அலுவலக வேலை. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருக்க முடிகிறது. இரவு வீடு திரும்பியதும் கை நிற்பதில்லை. “முன்பு சாப்பிட்டதைத்தான் இப்போதும் சாப்பிடுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடு போய்விட்டதா, இல்லை இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 52 வயதுக் கணவர் எடை குறைக்கும் ஊசியைப் பற்றி விசாரிக்கச் சொன்னாராம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

உணவியல் ஆலோசனைதான் என் தொழில். உங்களைப் போன்ற கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மனக்கட்டுப்பாட்டில் குறை எதுவும் இருப்பதில்லை. வேலையையும் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் ஒருசேரச் சமாளிக்கிறவர்கள் முறுக்கு டப்பாவிடம் மட்டும் தோற்றுப்போவார்களா? சிக்கல் அந்த நாளைச் சாப்பாட்டால் நிரப்பும் விதத்தில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வருகிற பசி ஒன்பது மணிக்குப் பிறப்பதில்லை. காலை எட்டு மணிக்கே அது தொடங்கிவிடுகிறது.

அதற்கு முன் வயது விஷயம். “நாற்பதைத் தாண்டினாலே உடல் எரிக்கிற வேகம் விழுந்துவிடும்” என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2021இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுக்காரர் வரை. உடலின் அளவையும் தசை, கொழுப்பு விகிதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை அந்த வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. 60ஐத் தாண்டிய பிறகுதான் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு அளவில் இறங்குகிறது. ஆகவே 47 வயதில் வயதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் “தசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு” என்று சொன்னேனே, சங்கதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரையும் என்பது பொதுவான கணக்கு. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தசை குறைந்தால் செலவு குறைகிறது, தட்டு மட்டும் அதே தட்டு.

பெண்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடுகிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றைத் தேடிப் போகிறது. எடை பெரிதாக ஏறாமலே பழைய உடை வயிற்றில் பிடிப்பது இதனால்தான். இரவில் திடீரென்று உடம்பு சூடாகி வியர்த்து விழிப்பு வருவதும் இந்தக் காலத்தில்தான். தூக்கம் கெட்டால் பசி கெடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது உங்கள் ஏழு கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஏழு கிலோவை ஐந்து ஆண்டுகளின் நாள்களால் வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 30 கலோரிதான் மிச்சமாகி உள்ளே தங்கியிருக்கிறது. ஒரு மேரி பிஸ்கட்டு. “முன்பு சாப்பிட்டதையே சாப்பிடுகிறேன்” என்று நீங்கள் சொல்வதை நான் நம்புவதற்கு இதுவே காரணம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை யாராலும் கவனித்திருக்க முடியாது. (ஒரு பிஸ்கட்டை நிறுத்தினால் ஏழு கிலோவும் இறங்கிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு பெருக்கப் பெருக்க அதன் செலவும் கூடும், ஆகவே இறக்குவதற்கு அதைவிட நிறையவே குறைக்க வேண்டும்.)

உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண்ணான பிஎம்ஐ உங்களுக்கு 27ஐ ஒட்டி வருகிறது. சிங்கப்பூரில் 23க்கு மேல் போனால் மிதமான ஆபத்து, 27.5க்கு மேல் போனால் அதிக ஆபத்து என்று பிரிக்கிறார்கள். ஆசியர்களுக்கு வரம்பு இப்படித் தாழ்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்க்கவும் ஒரே மாதிரி ஒல்லி. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. நம்மவர்கள் ஒல்லியாக இருக்கும்போதே உள்ளுக்குள் கொழுப்பை வைத்திருக்கிறோம். இங்கே 2010 தேசிய சுகாதார ஆய்வில் சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. அதனால் தராசைவிட அளவு நாடாவை நம்புங்கள். தொப்புள் உயரத்தில், மூச்சை இயல்பாக விட்டபின், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று பொருள்.

சரி, அந்த ஒன்பது மணிக்கு வருவோம்.

நீங்கள் எழுதிய ஒரு நாளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். காலையில் எம்ஆர்டி ரயில் ஏறும் முன் காப்பிக்கடையில் ஒரு தே (கெட்டிப்பால் தேநீர்), காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டி. மதியம் சைவ பீஹூன் (அரிசிச் சேமியா) அல்லது இரண்டு தோசை. மூன்று மணிக்கு அலுவலகத்தில் இன்னொரு தே, சில நாள் இரண்டு பிஸ்கட்டு. ஏழரைக்கு வீடு. சமைத்துக்கொண்டே முறுக்கு, கடலை, பிள்ளை மிச்சம் வைத்த நகட். ஒன்பதுக்குச் சோறு, குழம்பு, பொரியல். பத்தரைக்கு மறுபடி ஏதாவது இனிப்பு தேடல்.

ஆறு மணி வரையிலான புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 20 கிராமைத் தொடுவதே கஷ்டம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 65 கிராமாவது வேண்டும். நடுவயதில் தசையைக் காப்பாற்ற ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை நல்லது. (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.) புரதமும் நார்ச்சத்தும் வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும், குடல் “போதும்” என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களைத் தூண்டும். வெள்ளை ரொட்டி, பீஹூன், இனிப்புத் தேநீர் மூன்றும் அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995இல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது எவ்வளவு வயிறு நிரம்பிய உணர்வைத் தருகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, குரோசானுக்கு 47. ஒரே கலோரிதான், பசி அடங்குவதில் ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நம் வீடுகளில் உருளைக்கிழங்கைக் குற்றவாளியாக்கிவிட்டு பேஸ்ட்ரியை மன்னிக்கிற பழக்கம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஆகவே பகலில் நீங்கள் காட்டுவது கட்டுப்பாடு இல்லை, அரைப்பட்டினி. உடம்பு அந்தக் கடனை இரவில் வட்டியோடு வசூலிக்கிறது. இரவில் சண்டை போடுவதை விட்டுவிட்டு காலையை மாற்றுங்கள். இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காலைக்குக் காப்பிக்கடையை விட வேண்டியதில்லை. காயா ரொட்டி செட்டில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை வருகிறதே, அதை முதலில் சாப்பிடுங்கள். அதிலேயே 12 கிராம் புரதம் வந்துவிடும். ரொட்டியில் ஒரு பாதி போதும், வெண்ணெய்க் கட்டியைத் தட்டோரம் ஒதுக்குங்கள். முட்டை சாப்பிடாதவர் என்றால் வீட்டில் அடை ஊற்றுங்கள். தோசையைவிட அடையில் பருப்பு அதிகம், இரண்டு அடை மதியம் வரை தாங்கும். அதுவும் முடியாத அவசர நாளில் சர்க்கரை சேர்க்காத சோயா பால் ஒரு பாக்கெட், முதல் நாள் இரவு வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம். ஓட்ஸ் நல்லதுதான், ஆனால் வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு “ஆரோக்கியமாகச் சாப்பிட்டேன்” என்று கிளம்பினால் பதினொரு மணிக்குப் பசி வந்து நிற்கும். பால், தயிர், கொட்டைகள், ஏதாவது ஒன்று அதில் விழ வேண்டும்.

அடுத்தது தே. சிங்கப்பூரில் எடை பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. பானக் கடை அங்கிள் உங்கள் தேநீரைப் போடுவதை ஒருநாள் நின்று பாருங்கள். கோப்பையின் அடியில் கெட்டிப்பாலை ஊற்றுவார். கரண்டியிலிருந்து அது கயிறு மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும், அவர் பார்வை அடுத்த வாடிக்கையாளர் மேல் இருக்கும். கோப்பையின் அடியில் ஒரு விரல் உயரம் நின்ற பிறகுதான் சாயம் விழும். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் சுமார் 20 கிராம் சர்க்கரை, 120 முதல் 130 கலோரி. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை என்றால் கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பசியைத் தொடாத சாப்பாடு. திரவமாக உள்ளே போகிற கலோரியை உடம்பு சரியாகக் கணக்கு வைப்பதில்லை, அடுத்த வேளை குறைத்துச் சாப்பிடச் சொல்வதும் இல்லை.

நேரே தே ஓ கோசோங்குக்கு (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) தாவச் சொல்ல மாட்டேன். தாவியவர்கள் பாதிப்பேர் ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். தே குடிப்பவர் முதலில் தே சியூ தாய் (இனிப்புக் குறைத்தது) கேளுங்கள். நாக்கு பழகியதும் தே சி சியூ தாய் (ஆவியாக்கிய பால், குறைந்த சர்க்கரை), பிறகு தே சி கோசோங் (ஆவியாக்கிய பால், சர்க்கரை இல்லை). ஆவியாக்கிய பாலில் சர்க்கரை சேர்ப்பதில்லை, பாலின் ருசியும் போகாது. சில வாரத்தில் பழைய தே வாயில் வைக்க முடியாத அளவுக்குத் தித்திக்கும். பாட்டில், பாக்கெட் பானங்களுக்குத் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து 2022 டிசம்பர் கடைசியிலிருந்து இருக்கிறது, கடையில் புதிதாகத் தயாரிக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் கடைசியிலிருந்து. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. ஆனால் சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு. பானப் பட்டியலில் எழுத்து இல்லையென்றால் சர்க்கரையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பபள் டீ பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

மதியம். உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டால் எடை குறையாது என்பது பொய். வேண்டியதை நாமே எடுத்துக் கொடுக்கும் யோங் தாவ் ஃபூ கடையில் தவ்வும் (சோயா கட்டி) கீரையும் காளானும் எடுத்து, சூப்பில் போடச் சொல்லி, மீயை (நூடுல்ஸ்) பாதியாகக் கேட்டால் அதைவிட நல்ல சாப்பாடு வீட்டில் கிடைப்பது சிரமம். மீன் சூப்பும் அப்படித்தான், பாலும் பொரித்த மீனும் இல்லாத வகை. கோழிச் சோற்றில் தோலை எடுத்துவிட்டு, வெள்ளைச் சோறு கேட்டு, வெள்ளரிக்காயைக் கூடுதலாக வாங்கலாம். பிரச்சினை நம்மவர் கடையில்தான் வருகிறது, ஏனென்றால் அங்கே நாக்கும் மனசும் சேர்ந்து நம்மைப் பிடிக்கின்றன. கலவைச் சோற்றுக் கடையில் அக்கா ஒரு கரண்டிச் சோறு போட்டு, மேலே இன்னும் அரைக்கரண்டி போட்டு அமுக்குவார். அதுவே ஒன்றரைக் கிண்ணம். அப்புறம் நீங்கள் கேட்காமலே மூன்று குழம்பிலிருந்து எண்ணெய் மிதக்கிற மேல்பகுதியைச் சோறு நனையும்வரை ஊற்றுவார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்பதை நினைவில் வையுங்கள். “சோறு பாதி போடுங்கக்கா, குழம்பு தனிக் கிண்ணத்துல, கீரை ரெண்டு பங்கு” என்று சொல்லுங்கள். முதல் நாள் ஒரு மாதிரி பார்ப்பார். நாலாம் நாள் உங்களைப் பார்த்ததும் அவரே அப்படிப் போட்டுவிடுவார். பொரித்த கோழிக்குப் பதில் மீன் குழம்பிலிருந்து துண்டு, அல்லது முட்டை, தெம்பே (புளிக்கவைத்த சோயா).

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிற தட்டுக் கணக்கு எளிமையானது. பாதித் தட்டு காய்கறி, பழம். கால் பங்கு முழுத்தானியம். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, தவ். நம் தமிழ்த் தட்டில் முக்கால் பங்கு சோறு, மீதியில் மற்ற எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும். இதைத் தலைகீழாக்கத் தேவையில்லை, காய்கறியை முதலில் சாப்பிடுங்கள், அடுத்து மீனோ பருப்போ, சோறு கடைசியில். இப்படி வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று பல சிறு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான அளவுச் சோற்றை முடிக்கும் முன் வயிறும் நிறைந்துவிடும். பொரியலை வெறும் வாயில் சாப்பிடுவதா என்று அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

சாம்பார் சாப்பிடுகிறோமே, அதில் புரதம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பானையின் அடியில். மேலோட்டமாக அள்ளினால் தட்டுக்கு வருவது புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி அள்ளுங்கள், பருப்பின் அளவையும் இரட்டிப்பாக்குங்கள். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் சைவம் பிடிக்கிற வீடுகளில் அந்த நாள்களில் எடை ஏறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கறியும் மீனும் போன இடத்தில் அப்பளமும் உருளை வறுவலும் உட்கார்ந்துவிடுகின்றன. தவ் குவா (கெட்டியான தவ்), தெம்பே இரண்டும் ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது நம் வீடுகளில் ஏன் இன்னும் அவற்றை விருந்தாளி மாதிரி நடத்துகிறார்கள் என்று தெரியவில்லை. மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு வறுத்த தெம்பே, ரசச் சோற்றுக்கு அருமையாகச் சேரும்.

இனி முக்கியமான நேரம், மாலை ஐந்தரை. எம்ஆர்டியில் ஏறும் முன் எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். “இரவுச் சாப்பாடு இருக்கிறதே” என்று வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போவதுதான் முறுக்கு டப்பாவைத் திறக்க வைக்கிறது. ஒரு ஆப்பிள், கூடவே ஒரு கைப்பிடி கடலை. அல்லது சர்க்கரை சேர்க்காத தயிர். அல்லது ஒரு அவித்த முட்டை. 150, 200 கலோரிக்குள் முடிந்துவிடும், வீட்டில் நின்றுகொண்டே தின்பது அதைவிட அதிகம். அந்த நேரத்தில் நீங்கள் தின்பது மூளைக்குச் சாப்பாடாகவே பதிவாவதில்லை. கையில் கரண்டி, காதில் தொலைபேசி, பிள்ளையின் வீட்டுப்பாடம், வாயில் முறுக்கு. பிறகு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிடுகிறீர்கள்.

முறுக்கு டப்பாவை அடுப்படி மேடையிலிருந்து எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வையுங்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. எட்டுகிற இடத்தில் இருப்பதைத்தான் கை எடுக்கும். அதேபோல் பழத்தை நறுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் குளிர்பதனப் பெட்டியின் முன்வரிசையில் வையுங்கள். பாக்கெட் உணவு வீட்டுக்குள் எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் என்பவர் 2019இல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவு சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பாக்கெட் உணவு கொடுத்தபோது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக எடை ஏறினார்கள். அவர்களுக்கு மட்டும் மனக்கட்டுப்பாடு இல்லையா?

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கொண்டுவர முடிந்தால் நல்லது. முடியவில்லையென்றால் அளவைக் குறையுங்கள். மாலையில் சாப்பிட்டிருப்பதால் குறைப்பது கஷ்டமாக இருக்காது. முடித்ததும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு புளோக்கைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். ரத்தச் சர்க்கரைக்கு நல்லது, மறுபடி அடுப்படிப் பக்கம் போவதும் நின்றுவிடும். திரும்பி வந்து பல் துலக்கிவிடுங்கள்.

தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது, பசியை அடக்கும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது. 2022இல் அதே ஊரில் இன்னொரு ஆய்வு, இந்த முறை எடை கூடுதலாக இருந்த (உடல் பருமன் அளவுக்குப் போகாத) 80 பேர். சாப்பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தூக்கத்தை மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக்க உதவினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிவரை நாடகம் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு தட்டுச் சோற்றை மிச்சப்படுத்தலாம் என்றால் லாபம்தானே. இரவில் வியர்த்து விழிப்பவர்கள் அதைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. கணவர் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நடையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், வாரத்துக்கு 150 நிமிடம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்த்தி 365 செயலியில் காலடி எண்ணிக்கைக்குப் பரிசும் கிடைக்கிறது. நான் வற்புறுத்துவது தசைப் பயிற்சியை, வாரத்துக்கு இரண்டு நாள். நடையால் மட்டும் தசை நிற்காது. எடை குறைக்கும்போது தசைப் பயிற்சி இல்லையென்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், பிறகு ஏறும்போது பெரும்பாலும் கொழுப்புதான் ஏறும். ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று நம் பெண்கள் பலர் சொல்கிறார்கள். சரி, வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்துத் தடவை, மூன்று சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடங்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு மாடி ஏறலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கூச்சம் போனபின் ஆக்டிவ்எஸ்ஜி பொது ஜிம்முக்குப் போனால் இன்னும் நல்லது.

உண்ணாநோன்பு மாதிரி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும் முறையைக் கேட்டிருந்தீர்கள். 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்தார்கள். கலோரியைக் குறைத்தவர்களும், அதே அளவு குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்தார்கள். உங்களுக்கு அது வசதியாக இருந்தால் செய்யுங்கள். ஆனால் காலைச் சாப்பாட்டை விட்டு இரவில் அள்ளிப் போடுகிறவருக்கு அது சரிவராது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

தீபாவளி, பொங்கல், கல்யாணம், சனிக்கிழமை நண்பர்கள் வீட்டுப் பிரியாணி எல்லாம் இருக்கத்தான் செய்யும். அவற்றில் கட்டுப்பாடு காட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. தீபாவளி அன்றைக்குத் தின்ற ஜாங்கிரியால் எடை ஏறுவதில்லை. அடுத்த மூன்று வாரம் வீட்டில் கிடக்கிற பலகாரத்தால் ஏறுகிறது. மறுநாளே பாதியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? 59க்குத் திரும்ப வேண்டும் என்று இப்போதே மனதில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் 3,200க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 7 விழுக்காட்டு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. முடிவு 2002இல் வெளியானது. உங்களுக்கு 7 விழுக்காடு என்றால் நான்கரைக் கிலோ, அதை ஆறேழு மாதத்தில் இறக்கினால் போதும். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட எனக்குப் பிடிக்கும். அங்கே உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நீரிழிவு வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. தராசு முள் அசையாத வாரங்களில் மனம் விட்டுப்போகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். எடையை வாரம் ஒரு முறை, ஒரே நாள், காலையில் பார்த்தால் போதும்.

கடைசியாக ஊசி. செமாகுளூடைட் போன்ற மருந்துகள் வேலை செய்கின்றன, அதில் சந்தேகமில்லை. 2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு அளவுக்கு எடை குறைந்தது. குடல் சுரக்கும் “போதும்” ஹார்மோன்களில் ஒன்றைப் போல இது செயல்பட்டுப் பசியை அடக்குகிறது. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம், தசையும் கரையும். உங்கள் கணவருக்கு நீரிழிவு இருந்தாலோ, பிஎம்ஐ நன்றாக உயர்ந்திருந்தாலோ அது நியாயமான வழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் இணையத்திலோ தெரிந்தவர் மூலமோ மட்டும் வாங்க வேண்டாம். ஊசி போட்டாலும் மேலே சொன்ன புரதமும் தசைப் பயிற்சியும் அவருக்குக் கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் பசியில்லாமல் அவர் சாப்பிடப்போவது கொஞ்சம்தான்.

இருவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டதால் அரசாங்கத்தின் ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம், இன்னும் பதியவில்லையென்றால். போகும்போது ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு, களைப்பு இருந்தால் அதையும் சொல்லி தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சில நீரிழிவு மாத்திரைகள், இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மாத்திரைகள் எடையை ஏற்றும், அவற்றில் சிலவற்றுக்கு மாற்று உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.